மைனஸ் இருபதுல ஓடுமா?

இல்லம்மா, பேட்டரி போட்டது வேணாம். குளிர்ல பேட்டரி செத்துப் போயிரும். கார்ல போன் சார்ஜர் குத்துவோமே, அந்த ஓட்டையில சொருகுற மாதிரி காத்தடிக்கிற மெஷின் இருக்குல்ல, அது வேணும். ஆமா, டயருக்குத்தான். இது மைனஸ் இருபதுல ஓடுமா? டப்பாவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க, எனக்குக் கண்ணாடி இல்லாம படிக்க முடியாது.

சிரிக்காதீங்க லா. சிங்கப்பூர்ல ஏது மைனஸ் இருபது, மழை பேஞ்சு இருபத்தி நாலு வந்தாலே நம்மாளுங்க ஸ்வெட்டரைத் தேடுறாங்க. இது எனக்கில்ல. எனக்கு லைசென்ஸே கிடையாது. புக்கிட் பாத்தோக்குலேருந்து ட்ரெய்ன் புடிச்சு, நியூட்டன்ல மாறி வந்திருக்கேன். என் மகன் ரியாஸுக்கு. கனடாவுல இருக்கான், கால்கரின்னு ஒரு ஊரு. எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். ஒத்தப் புள்ள.

உங்க முதலாளி நெய்னா முகம்மது பாய் கடையில இல்லையே? நல்லதாப் போச்சு. போன வாரம் வந்தேன், கல்லாவுல உக்காந்திருந்தாரு. எங்க வீட்டுக்காரவங்களுக்குப் பழைய கூட்டாளி. மகன் எப்படி இருக்கான், வீடு வாங்கிட்டானா, பொண்ணு பாக்கட்டுமான்னு ஆரம்பிச்சுட்டாரு. கையில கெடைச்ச கார் வாசனை டப்பா ஒன்னை வாங்கிட்டு ஓடிட்டேன். கார் இல்லாத வீட்ல கார் வாசனை டப்பா! கக்கூஸ்ல மாட்டி வெச்சிருக்கேன்.

அங்கயே வாங்கிக்கலாம்தான். எல்லாரும் அதையேதான் கேக்குறீங்க. அவன் வாங்க மாட்டான்மா. நாளைக்கு உம்மா, நாளைக்கு உம்மாம்பான். இந்த ஒயரு பின்னாடி டயரு வரைக்கும் எட்டுமா? இழுத்துக் காட்டுங்களேன். உங்க பேரு என்ன சட்டையில, வைஷாலியா? நல்ல பேரு. நல்லா இழுங்க வைஷாலி, புதுசு ஒன்னும் அறுந்துறாது.

உங்களுக்குத் தெரியுமா, குளிர் வந்தா டயருக்குள்ள இருக்குற காத்து அடங்கிரும். பத்து டிகிரி இறங்குனா காத்தழுத்தத்துல ரெண்டு பிஎஸ்ஐ போயிரும். ஓட்டையும் இருக்காது, ஒரு எழவும் இருக்காது. காலையில காரை எடுத்தா மட்டும் மஞ்சளா ஒரு லைட் எரியும், சட்டி மாதிரி ஒன்னு, நடுவுல ஆச்சரியக்குறி. கொஞ்ச தூரம் ஓட்டுனா டயர் சூடாகி லைட் அணைஞ்சிரும். அணைஞ்சிருச்சேன்னு விட்டுறக் கூடாது. ஓட்டுறதுக்கு முன்னாடி, டயர் ஆறிக் கெடக்கறப்பவே அளந்து அடிக்கணும். பனியில டயர் தொய்ஞ்சு கெடந்தா வண்டி வழுக்கிக்கிட்டுப் போயிரும். அங்க ரோடெல்லாம் ஐஸ்.

எல்லாம் போன்ல வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? நல்லாருக்கியாடான்னா நல்லாருக்கேன். சாப்டியாடான்னா சாப்டேன். வேலை எப்படிடான்னா ஓக்கே உம்மா. பெத்த புள்ளகிட்ட அடுத்து என்ன பேசுறதுன்னு தெரியாம நான் போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்பத்தான் ஒரு நாள், இந்த மாதிரி லைட் எரியுது உம்மான்னான், பேச்சுக்கு. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே! எங்க வீட்டுக்காரவங்க சேக் தாவூது, அவங்க உயிரோட இருந்த வரைக்கும் ஈப்போவுக்கு லாரி ஓட்டுனவங்க. மத்தியான வெயில்ல ஹைவேயில போனா டயர் கல்லு மாதிரி ஆயிரும், நிறுத்திக் கொஞ்சம் காத்தைப் புடுங்கி விடுவேன்னு சொல்லுவாங்க. நான் அதையே எடுத்து விட்டேன். காத்தைக் கொஞ்சம் இறக்கி விடுறா வாப்பா, டயரு சூட்டுல உப்பியிருக்கும்னேன்.

மைனஸ்ல கெடக்குறவன்கிட்ட!

சிரிச்சான்மா. அப்படி ஒரு சிரிப்பு. உம்மா, இங்க வெயில்னா என்னன்னே மறந்து போச்சுன்னான். அவன் சிரிச்சு எவ்ளோ நாளாச்சு. அன்னையிலேருந்து எங்களுக்கு டயர்தான் பேச்சு. நான் ராத்திரி இஷா தொழுது முடிச்சா அவனுக்கு அங்க விடியக்காலை. இன்னைக்கு முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு கேப்பேன், சொல்லுவான். முப்பது, இருபத்தெட்டு. புள்ளக்குக் காய்ச்சல் பாத்த மாதிரி நானும் கேட்டுக்குவேன். அவன் போன் வந்தாதான் எனக்குத் தூக்கம் வரும்.

இது எவ்ளோ சத்தம் போடும்? கொஞ்சம் போட்டுக் காட்ட முடியுமா? ஐயோ, நிறுத்துங்க நிறுத்துங்க. இவ்ளோ சத்தமா? இது ஆகாதும்மா. விடியக்காலையில இதைப் போட்டா அக்கம்பக்கத்துல எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. யாரும் பாக்கக் கூடாது. சத்தம் கம்மியா வேற இருக்கா? இருந்தா விலையைப் பாக்காதீங்க, எடுங்க.

அது என்னன்னா, அவன் அபார்ட்மென்ட்டுல கீழ்த்தளத்துல கார் பார்க் இருக்கு. ஹீட்டர் போட்டது. வெளிய பனி கொட்டுனாலும் டீ சர்ட்டோட போயி காரை எடுப்பேன் உம்மான்னு முதல்ல போனப்போ பீத்திக்கிட்டான். சரி. அப்படிக் கதகதப்புல நிக்கிற காருக்குக் காலையில எப்படிம்மா லைட் எரியும்? டயர் ஆறுனாத்தானே எரியணும்? எனக்கு இது ஒரு நாள் பளிச்சுன்னு பட்டுச்சு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும்ல? கேட்டுட்டேன். ஏன்டா கார் வெளியில நிக்குதுன்னு. பார்க்கிங்ல வேலை நடக்குது உம்மான்னு போனை வெச்சான். அப்புறம் ரெண்டு வாரம் போனே இல்ல. மெசேஜ் போட்டா ரெண்டு டிக் மட்டும் விழும். எனக்குப் பைத்தியம் புடிக்காத குறைதான்.

அப்புறம் நானே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். வாப்பா, மைனஸ் பதினெட்டாம்ல, டயர்ல காத்து எவ்ளோ இருக்குன்னு மட்டும் சொல்லுடா, வேற ஒன்னும் கேக்க மாட்டேன்னு. உடனே கூப்பிட்டான். அன்னையிலேருந்து வேற ஒன்னும் கேக்கறதில்ல. கேட்டா இந்தப் போனும் நின்னுரும்.

ஆங், இது தேவலை. இது சத்தம் கம்மி. இதையே போடுங்க.

நீங்களே நேரா கனடாவுக்கு அனுப்பிருவீங்களா? கூரியர்லயா? அல்ஹம்துலில்லாஹ், அலைச்சல் மிச்சம். எழுதிக்குங்க. பேரு ரியாஸ், சேக் தாவூது மகன். ஊரு கால்கரி. போன் நம்பர் இந்தாங்க, இதுல இருக்கு.

அட்ரஸா?

இருக்கு. அதுக்குத்தான் பெருநாளைக்கு ஜிப்பாவும் பலகாரமும் அனுப்புனேன். அந்த வீட்ல இப்ப அப்படி யாரும் இல்லேன்னு திரும்பி வந்துருச்சு. அதனால அதை எழுதாதீங்க. அவன்கிட்ட கேட்டா அதையேதான் சொல்லுவான். பாருங்களேன், மெஷின் வாங்கணும், நல்லதா வாங்கணும், சத்தம் இல்லாததா வாங்கணும்னு இவ்ளோ யோசிச்சவ, எங்க அனுப்புறதுன்னு யோசிக்கவே இல்ல.

நேத்து வீடியோவுல வந்தான். கார்லதான் இருந்தான், எப்பவும் கார்லதான் இருப்பான். பேசிக்கிட்டே கண்ணாடியில இருந்த பனியை நகத்தால சுரண்டுறான். உள்பக்கம்மா. ராத்திரி பூரா உள்ள ஒரு ஆளு மூச்சு விட்டுக்கிட்டுக் கெடந்தாத்தான் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி புடிக்கும், அதையும் நான் வீடியோவுல பாத்திருக்கேன். அவன் கார்லதாம்மா குடியிருக்கான். வேலை போயி எவ்ளோ நாளாச்சோ, எந்த இடத்துல நிறுத்திப் படுக்குறானோ, ஒன்னும் தெரியாது. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியக் கூடாது, அவ்ளோதான் என்னால செய்ய முடிஞ்சது. பாய்கிட்ட சொல்லிறாதீங்க.

அழல, நீங்க பில்லைப் போடுங்க. கார்ல இருக்குற ஆளுக்குப் பார்சல் எப்படிப் போய்ச் சேரும்னு கூரியர்காரங்களுக்குப் போன் போட்டுக் கேளுங்க வைஷாலி. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிறேன்.