எட்டுப் பக்க சிலபஸ்

எனக்கு விதிமுறைகளைப் படிக்கப் பிடிக்கும். மைக்ரோவேவ் வாங்கினால், கூடவே வரும் சின்னப் புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருகுவேன். எங்கள் சன்னிவேல் அபார்ட்மென்ட்டின் லீஸ் பத்திரத்தில், பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் குடியிருந்த நாற்பது குடும்பங்களில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். நண்பன் நஞ்சுண்டன் இதை வியாதி என்பான். ஒருவர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார், படிக்க ஒரு ஆளாவது வேண்டாமா என்பது என் கட்சி.

அதனால் 2000 ஜனவரியில் என் மனைவி கண்மணி, கம்யூனிட்டி காலேஜிலிருந்து, வகுப்பு விதிகளும் சேர்ந்த எட்டுப் பக்க சிலபஸ் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், ஆரம்பப் பாடம். சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டரை வரை.

"ஏனுங்க, நீங்களே முதல்ல படிச்சுப் பாருங்க. பாடத்துக்குக்கூட எனக்குப் பயமில்லீங்க. இந்த ரூல்ஸைப் பாத்தாத்தான் கைகால் நடுங்குது" என்றாள்.

கண்மணி ஈரோட்டில் பி.காம். முடித்தவள், கல்லூரியில் முதல் மாணவி. கல்யாணமாகிப் பத்து வருடம், அமெரிக்கா வந்து ஏழு வருடம். எச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாது என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. 1999-இல் க்ரீன் கார்டு வந்தது. பாயசம் வைத்துக் கொண்டாடினோம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "இனி நான் வேலைக்குப் போலாமில்லீங்க?" என்று கேட்டாள். தாராளமாகப் போகலாம், முதலில் இந்த ஊர்ப் படிப்பு ஒன்று படி என்றேன். அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

மஞ்சள் ஹைலைட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹார்ப்பர் என்ற அந்தப் பேராசிரியை அருமையாக எழுதியிருந்தார். ஒன்பது பத்துக்குக் கதவு சாத்தப்படும், வெளியே நிற்பவர் அன்று வராதவர். மூன்று நாள் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். ஹோம்வொர்க்கைப் பென்சிலில்தான் செய்ய வேண்டும், வகுப்பு தொடங்கும்போது மேஜையில் இருக்க வேண்டும். ஆறாம் பக்கத்தில் நேர்மை: ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதினால், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே தண்டனை. அது ஏப்ரலில் தரப்போகும் பெரிய அசைன்மென்ட்டாக இருந்தால் பாடத்திலேயே ஃபெயில். எட்டாம் பக்கத்தில் மேல்முறையீடு: பத்து நாளுக்குள், எழுத்தில். எல்லாவற்றுக்கும் மஞ்சள் அடித்து, பிள்ளையார் காந்தத்தை வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டினேன்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த நஞ்சுண்டனின் மனைவி வசந்தாமணி, அதைப் பார்த்துவிட்டு அவனை ஒரு பிடி பிடித்தாள். "அண்ணனைப் பாருங்க. சம்சாரம் படிக்கறதுக்கு எப்படி ஹெல்ப் பண்றாங்கன்னு. நீங்களும் இருக்கீங்களே." நஞ்சுண்டன் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வாரம் நடந்தது மிகச் சின்ன விஷயம். எங்கள் வீட்டில் போன் வந்தால் கண்மணி எடுப்பாள், எதிர்முனையில் அமெரிக்கக் குரல் கேட்டால் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பாள். ஏழு வருடமாக அப்படித்தான். அன்று பல் டாக்டர் ஆபீசிலிருந்து அழைப்பு, ஏதோ பில்லில் தகராறு. நான் வழக்கம்போல் எழுந்து போய்க் கையை நீட்டினேன். அவள் ரிசீவரைத் தரவில்லை. அவளே பேசினாள். இடையில் ஒரு ஜோக் வேறு அடித்தாள், அந்தப் பக்கத்துப் பெண் சிரித்தது எனக்கே கேட்டது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் காலண்டரை நேராக்கினேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பயம். இந்த வீட்டில் எனக்கு இனி என்ன வேலை என்ற பயம்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் மகள் யாமினிக்கு நட்சத்திரப் பிறந்தநாள். எட்டு வயதில் அதுவரை ஒருமுறைகூட அதற்காக நாங்கள் கோயிலுக்குப் போனதில்லை. லிவர்மோர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை போனா ஆகாதுங்களா?"

"நட்சத்திரம் சனிக்கிழமைதானே வருது கண்ணு. சாமிகிட்டப் போய் வேற தேதி கேக்கறதா?"

சிரித்துவிட்டாள். மலையெல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது. கோயில் புளியோதரையை யாமினி இரண்டு தடவை வாங்கி, "டாட், கேன் வி கம் எவ்ரி சாட்டர்டே?" என்று கேட்டாள். குழந்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். வராத நாள் கணக்கில் ஒன்று.

மறுவாரம் கண்மணியைக் காலேஜில் விடப் போகும்போது 280 ஃப்ரீவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டேன். சனிக்கிழமை காலையில் அந்தச் சாலையில் காக்கா குருவிகூட இருக்காது. தவறவிடுவதற்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது. போய்ச் சேரும்போது ஒன்பது பதிமூன்று. கண்மணி பையைக் கட்டிக்கொண்டு ஓடினாள். சாத்திய கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள், திரும்பி வந்து காரில் உட்கார்ந்தாள். "பரவால்லீங்க. நீங்க வேணும்னேவா பண்ணீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். எல் கமினோ சாலையில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். பழைய காலம்போல் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வராத நாளுக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. நான் ஆபீஸ் போன நேரத்தில் வசந்தாமணியோடு போய் டிரைவிங் பழகி, லைசென்ஸும் வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாமுங்க." நான் கைதட்டினேன். சாவியையும் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அதன்பிறகு அவள் எட்டு நாற்பதுக்கே வகுப்பில் இருந்தாள்.

மார்ச் பரீட்சையில் தொண்ணூற்றேழு வாங்கினாள். ஹார்ப்பர் அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பாடத்தில் 'ஏ' வாங்கினால் இலையுதிர்காலத்திலிருந்து காலேஜ் டியூட்டரிங் சென்டரில் வேலை என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலை இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. "எனக்கே எனக்குன்னு ஒரு மேசைங்க. பேரு போட்டு வெப்பாங்களாமா." நாளுக்கு நாள் அவள் நடையே மாறியது. போன் அடித்தால் யாமினிகூட இப்போது "மாம், இட்ஸ் ஃபார் யூ" என்றாள்.

நான் ஃப்ரிட்ஜுக்குப் போய் ஆறாம் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டு கட்டடம் தள்ளி சுவாமிநாதன் குடும்பம் இருந்தது. அவர் மகள் ஸ்ம்ருதி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பத்தொன்பது வயது, கண்மணியின் வகுப்பில்தான் படித்தாள். இந்தப் பாடத்தில் தேறினால்தான் பெரிய யுனிவர்சிட்டிக்கு மாற முடியும். ஏப்ரலில் அந்தப் பெரிய அசைன்மென்ட் வந்தது. ஒரு கடையின் ஒரு மாத வரவு செலவு முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டும், இருபது பக்கம். கண்மணி இரண்டு வாரம் உட்கார்ந்து செய்து முடித்து, பையில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை அவள் யாமினியைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போன நேரத்தில் ஸ்ம்ருதி கதவைத் தட்டினாள்.

"அங்கிள், ஆண்டி இருக்காங்களா? ஐ ஆம் சோ லாஸ்ட். ஜஸ்ட் ஒரு டவுட் கேக்கணும்."

"ஆண்டி உனக்குன்னே எடுத்து வெச்சிருக்காம்மா. பாத்துக்க. ஆனா அவகிட்ட இதைப் பத்திப் பேசாதே, கூச்சப்படுவா."

வீட்டு ஃபேக்ஸ் மெஷினிலேயே நகல் எடுத்தேன். ஒவ்வொரு பக்கமாக ஊர்ந்து வந்தது. காத்திருந்த நேரத்துக்கு ஒரு தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்தேன். "ஆண்டி இஸ் த பெஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே மாதம் ஹார்ப்பர் அம்மா இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். நம் ஊரில் படித்தவர்கள் லட்சத்தை எழுதும்போது கமா எங்கே போடுவோம்? ஒன்று, கமா, இருபத்தைந்து, கமா, மூன்று பூஜ்யம். இங்கே நூற்றிருபத்தைந்துக்குப் பிறகு ஒரே ஒரு கமா. கண்மணிக்கு அந்தப் பழக்கம் லேசில் போகவில்லை, செமஸ்டர் முழுக்க அவள் தாள்களில் சிவப்பு வட்டம் இருந்தது. முப்பது பேர் வகுப்பில் அந்தக் கமா இன்னொரு ஆளின் தாளில் இருந்தால், அதுவும் கலிஃபோர்னியாவில் எண் பழகிய பெண்ணின் தாளில் இருந்தால், விளக்கம் தேவையில்லை.

ஸ்ம்ருதி முதலில் என் ஆபீசுக்குத்தான் போன் செய்தாள். அழுதாள். ஆண்டி கொடுத்தாங்கன்னு உள்ளதைச் சொல்லிவிடு, என் பெயரையும் இழுத்தால் ஆண்டிக்கு இன்னும் சிக்கலாகும் என்றேன். "ஓகே அங்கிள்" என்றாள். பெரியவர்கள் சொன்னால் கேட்கும் பெண். அவளுக்கும் எஃப், கண்மணிக்கும் எஃப். அவள் யுனிவர்சிட்டிக்குப் போவது நின்றுபோனது. அவள் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். சுவாமிநாதன் வீட்டார் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பையிலிருந்து திருடிவிட்டாள் என்று கண்மணி நினைக்கிறாள். கொடுத்துவிட்டு மாட்டிவிட்டாள் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

திருப்பி வாங்கி வந்த அசைன்மென்ட்டைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு கண்மணி வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தக் கமாவையெல்லாம் நான் மாத்தியிருந்தனுங்க. கடைசியா ஒருவாட்டி உக்காந்து ஒண்ணொண்ணா அழிச்சு மாத்தினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"பழக்கதோஷம் கண்ணு. மாத்தினதா நெனச்சிருப்பே."

"அப்படித்தானுங்களா?" என்றாள். தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே, "அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

மாற்றித்தான் இருந்தாள். இருபது பக்கத்திலும் ஒரு கமாகூட இடம் தவறியிருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, அவளும் யாமினியும் கிளம்பிய கையோடு, நான்தான் உட்கார்ந்து ரப்பரால் அழித்துப் பழைய இடத்தில் போட்டேன். அதற்குப் பிறகுதான் ஸ்ம்ருதிக்குப் போன் செய்து, சந்தேகம் ஏதாவது இருந்தால் வா என்று சொன்னேன். பென்சிலில்தான் எழுத வேண்டும் என்ற விதி எவ்வளவு வசதியான விதி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மேல்முறையீட்டுக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். "உங்க இங்கிலீஷ்தானுங்க நல்லா இருக்கும்" என்று கேட்டுக்கொண்டாள். இரண்டு பக்கம். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. படித்துக் காட்டியபோது கண்மணி அழுதே விட்டாள். ஆபீஸ் போகும் வழியில் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கார் டாஷ்போர்டு பெட்டியில் மேப்புகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பதினோராம் நாள் கவுண்ட்டரில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் தேதியைப் பார்த்து வருத்தப்பட்டாள். எட்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, அவளை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் வந்து, மறுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க இல்லீனா நான் என்ன பண்ணியிருப்பனுங்க" என்று கண்மணி என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த வருடம் எங்கள் வீடு மறுபடி கலகலப்பானது. வாராவாரம் சனிக்கிழமை எங்கேயாவது போனோம். போன் வந்தால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் போய் வாங்கிக்கொள்வேன்.

போன வாரம், இந்த 2001 ஆகஸ்டில், அவள் மறுபடி அதே பாடத்தில் சேர்ந்துவிட்டு வந்தாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதே ஹார்ப்பர் அம்மா. சிலபஸ் இப்போது ஒன்பது பக்கம், பார்த்து எழுதுவது பற்றி ஒரு பக்கம் கூடியிருக்கிறது. அதில் எங்கள் வீட்டுக்கும் பங்குண்டு. மஞ்சள் ஹைலைட்டரையும் அவளே தேடி எடுத்துவந்து கொடுத்தாள். "ஏனுங்க, நீங்களே முதல்ல படிச்சிருங்க. இந்தவாட்டி ஒரு தப்பும் வரக்கூடாதுங்க."

வராது. இந்தத் தடவை அவளுக்கு உண்மையாகவே உதவப்போகிறேன். அதனால்தான் பழையதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது. முதல் பக்கத்திலேயே ஒரு மாற்றம் இருக்கிறது. வகுப்பு இப்போது சனிக்கிழமை இல்லை, செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை. அந்த நேரத்துக்கு யாமினியோடு வீட்டில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். செவ்வாய், வியாழன் மாலைகளில் எனக்கு மீட்டிங் வைத்தால் ஆட்சேபணை இல்லை என்று மேனேஜரிடம் நேற்றே சொல்லிவைத்திருக்கிறேன்.