மீட்டரில் வந்த எண்

மல்டிமீட்டரில் அளக்கும்போது விரல்கள் ஊசிமுனைகளில் படக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. பட்டால் நம் உடம்பின் தடையும் சேர்ந்து தப்பான எண் வரும். இருபத்திரண்டு வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்றால் நீங்களே சிரிப்பீர்கள்.

மாப்பிள்ளையின் கார் ஓடும்போதே இரண்டு தடவை அணைந்திருந்தது. மறுநாள் காலை அவரும் என் தங்கையும் ஊரைக் காலி செய்துவிட்டு, அவருடைய புது வேலைக்காக எட்டு மணி நேரத் தொலைவுக்குப் போவதாக இருந்தது. அப்பா அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். நான் சண்டை போடவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கார் அணைவதற்குக் காரணமாக நான் சந்தேகப்பட்டது, இன்ஜின் சுற்றுவதைக் கண்டு சொல்லும் சென்சாரை. பழுதானால், சூட்டில் உயிரை விடும். ஆறினால் மறுபடி வேலை செய்யும். வண்டியை ஓட்டிச் சூடாக்கி அளந்தேன். எண்ணே வரவில்லை, சென்சார் செத்திருந்தது. புதுசு அலமாரியில் இருந்தது, மாற்றப் பத்து நிமிடம். மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். நான் ஊசிமுனைகளை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பிடித்தேன். கை வியர்த்திருந்தது. எண் வந்தது.

"நம்பர் வருது பாருங்க மாப்பிள்ளை. உயிரோடதான் இருக்கு."

ஒயர் லூசாக இருந்தது, இறுக்கிவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் கணக்கு வாத்தியார். எண்ணைப் பார்த்துவிட்டால் மறுபேச்சு கிடையாது. தங்கைதான் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அண்ணா, நம்பிப் போலாமா?"

"தைரியமா போ."

ஊர் எல்லையில் நிற்கும், போன் வரும், போய்க் கூட்டி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். லாரிக்கு முன்னால் நிற்கும் என்று நான் என்ன கண்டேன். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார்.

தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும் நான் போகிற பக்கமெல்லாம் வருகிறது. முதுகைத் திருப்பிக்கொண்டாலும் தெரிகிறது. அது தாங்காமல்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

தினமும் சாயங்காலம் மீட்டரை எடுத்துப்போய் அவள் விரல்களில் வைத்துப் பார்க்கிறேன். என் விரல் படாமல், முறையாக. எண் வருகிறது. உயிரோடதான் இருக்கே என்று அவளிடம் சொல்கிறேன்.

எழுதி முடித்தாயிற்றென்றால் சாயங்காலத்துக்குள் என்னை அனுப்பிவிடுங்கள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?