கசப்புக் கோஷ்டி

தங்கை: மூணு மாடியும் படியேறியா வந்தே? லிஃப்ட் இருக்கில்ல?

அக்கா: லிஃப்ட்ல கூட்டம். அதுக்கு ஏன்டி பேயைப் பார்த்த மாதிரி பார்க்கறே?

தங்கை: மூச்சுகூட வாங்கலையே உனக்கு…

அக்கா: கண்ணு வைக்காதே. ஆபீசுக்கு வரச் சொன்னியே, என்ன விஷயம்?

தங்கை: உங்களுக்கெல்லாம் குடுக்கற அந்தக் கேன்சர் மாத்திரை… ஆராய்ச்சியையே நிறுத்தப்போறாங்க. சாயங்காலம் மீட்டிங்.

அக்கா: ஏனாம்?

தங்கை: வேலை செய்யலையாம். குலுக்கல்ல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா சர்க்கரை மாத்திரை. யார் எவ்வளவு நாள் உயிரோட இருக்காங்கன்னு நான்தான் கிராஃப்ல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு கோடு போட்டேன். முதல்ல நல்லா பிரிஞ்சு வந்துது. அப்புறம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு.

அக்கா: எப்போ ஒட்டிக்கிச்சு?

தங்கை: அது உனக்கெதுக்கு?

அக்கா: சும்மா கேட்டேன்… ஆஸ்பத்திரி ஹால்ல டீ மெஷின் வெச்சாங்களே, அப்பவா?

தங்கை: டீ மெஷினுக்கும் இதுக்கும் என்ன… இரு. எதையோ மறைக்கறே நீ.

அக்கா: கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லு.

தங்கை: சொல்லித் தொலை.

அக்கா: டீ வந்ததும் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து மாத்திரை போட ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் கடிச்சுட்டு, கசக்குதேன்னார். பக்கத்துல இருந்தவர், எனக்கு இனிக்குதேன்னார். அவ்வளவுதான். கசப்புக் கோஷ்டி, இனிப்புக் கோஷ்டின்னு ஆயிடுச்சு.

தங்கை: அடப்பாவிங்களா… யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியக் கூடாதுன்னு நாங்க கட்டிக் காத்தது…

அக்கா: டீ மெஷின்கிட்ட சிரிப்பா சிரிச்சுது.

தங்கை: அப்புறம்?

அக்கா: கசப்புக்காரங்க பாதி உடைச்சு இனிப்புக்காரங்களுக்குக் குடுத்தாங்க. பக்கத்து நாற்காலில இருக்கற மனுஷனை விட்டுட்டு எப்படிடி முழுங்கறது?

தங்கை: அக்கா… தள்ளு, தள்ளு. நாற்காலியை நகர்த்து. எனக்கு நடக்கணும்.

அக்கா: என்னடி ஆச்சு?

தங்கை: கோடு ஒட்டாம என்ன செய்யும்? ரெண்டு பக்கமும் அரை மருந்து! அது தோத்துச்சா ஜெயிச்சுதான்னு யாருக்குமே தெரியாது. நீங்க கலந்துட்டீங்க.

அக்கா: திட்டறியா, சந்தோஷப்படறியா?

தங்கை: ரெண்டும்தான்.

அக்கா: அப்போ வாங்கித் தின்னவங்களை மருந்துப் பக்கம் மாத்திப் போடு. வேலை முடிஞ்சுது.

தங்கை: அதை மட்டும் செய்யக் கூடாது. டீ மெஷின் வரைக்கும் நடந்து வர்றவங்கதான் வாங்கியிருப்பாங்க. முடியாதவங்க வீட்டுல படுத்திருப்பாங்க. தெம்பானவங்களாப் பார்த்து ஒரு பக்கம் தள்ளினா, வெறும் தண்ணியைக் குடுத்தாலும் ஜெயிக்கும்.

அக்கா: பின்னே என்னதான் வழி?

தங்கை: ரத்தம். குலுக்கல்ல சர்க்கரை மாத்திரை விழுந்தவங்க ரத்தத்துல மருந்து இருந்தா, கலந்ததுக்கு அதான் சாட்சி. ஒருத்தர்கிட்ட இருந்தாலும் போதும், மீட்டிங்ல பேச எனக்கு வாய் இருக்கும். மத்தவங்களுக்கு மாத்திரை தொடரும்.

அக்கா: மாட்டிக்கிட்டவங்களுக்கு?

தங்கை: அவங்க வெளியே போகணும்… மாத்திரையும் கிடைக்காது. அதான், உன்னைக் கேட்க மனசு வரலை.

அக்கா: என்னை ஏன் கேட்கணும்?

தங்கை: யாருக்கு எதுன்னு இன்னிக்குக் காலையிலதான் பிரிச்சுக் காட்டினாங்க. உன் நம்பர் எனக்குத் தெரியும். உனக்கு விழுந்தது சர்க்கரை மாத்திரை, அக்கா. பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். நீ என்னடான்னா என்னைவிடத் தெம்பா நிக்கறே…

அக்கா: எனக்கு எப்பவோ தெரியும்டி, சொன்னா நீ தாங்க மாட்டேன்னு விட்டுட்டேன். இந்தா கை, சீக்கிரம் எடு… காலையில பக்கத்து நாற்காலிக்காரர் குடுத்த பாதி இன்னும் ரத்தத்துல இருக்கும்.