சகுனத்துக்கு இங்கிலீஷ் தெரியாது

ஒல்லாந்தர் கோட்டையில் இங்கிலீஷ்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்த வருஷம் அது. பசியாவரத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் படகில் எனக்கு முன்னால் நண்டுக்கூடையோடு இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டு நான் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

“சகுனத்துக்கு இங்கிலீஷ் தெரியாதுக்கா.”

“இன்னாடி ஒளர்றே?”

“வலையோட கெளம்புறவர ‘எங்க போறே’னு கேட்டா அன்னிக்கு மீன்பாடு இல்லன்றாங்களே. என்னால கேக்காமலும் இருக்க முடில. அதான் கோட்டையில வெள்ளக்காரன் பேச்ச மாத்திச் சொல்ற துபாசி வூட்டம்மாகிட்ட பெரிய மனுசங்க பேசுற வார்த்தை ஒண்ணு கத்துக்கினேன். டெஸ்டினேஷன்.”

“உன் வூட்டுக்காரருக்குப் புரிஞ்சுதா?”

“எங்க? முழிச்சிட்டுப் போவாரு. கூடை கூடையா நண்டு வந்துச்சு. அர்த்தம் சொல்லு, அர்த்தம் சொல்லுன்னு உசுர எடுத்தாரு. நேத்து சொல்லித் தொலைச்சேன்.”

“அப்புறம்?”

“காலைல நான் கூடையத் தலைல தூக்குறேன், பின்னால நின்னுக்கினு ‘டெஸ்டினேஷன்?’னாரு, பெருமையா! கூடைய எறக்கி வெச்சு, குந்தி, தண்ணி குடிச்சிட்டுத்தான் கெளம்புனேன். மொத படகு போயிட்ச்சு.”

மூத்தவள் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

“வேற வார்த்தை கத்துக்கோ.”

“இன்னிக்கே கேக்கப்போறேன். ஆனா இந்த வாட்டி அவருக்கு அர்த்தம் சொல்ல மாட்டேன்.”

“அப்போ எப்படிடி பதில் சொல்வாரு?”

“பதில் யாருக்குக்கா வேணும்? கேட்டு அனுப்புனா போதும்.”