வெடிச் சத்தம் இல்லாத ஒரு வீடு

ஓடுகிறது. கழுத்துச் சங்கிலி தார்ச்சாலையில் இழுபட, நாய் ஓடுகிறது. பாப்பாரப்பட்டி சாலை. காலை பதினொரு மணி. ஊருக்குள் மாரியம்மன் திருவிழா. அதிர்வேட்டுப் போடுகிறார்கள். முதலில் ஒரு சீறல். பிறகு நெஞ்சில் இடிக்கும் ஒரு தொம். ஒவ்வொரு தொம்முக்கும் நாய் திசை மாறுகிறது. வயலுக்குள் பாய்கிறது. திரும்பச் சாலைக்கு வருகிறது. எதிரே பஸ்.

"பஸ் வருது! மறி, மறி!" என் கணவர் ரவி கத்துகிறார்.

பஸ் கிறீச்சிட்டு நின்றது. நாய் சாலைக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாய்க்குள் புகுந்தது. கன்றுக்குட்டி அளவு நாய். எப்படி நுழைந்ததோ தெரியவில்லை. நான் ஊர்ந்து பின்னால் போனேன். சேறு. இருட்டு. அதன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வேட்டு. நானும் நடுங்கினேன்.

எனக்கு அந்த நடுக்கம் தெரியும். ஒன்பது வயதில் மன்னார்ப் பக்கம் ஒரு பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இப்படித்தான் கிடந்தேன். மேலே ஹெலி சுற்றுகிறது. யாரோ கத்துகிறார்கள். "தலையைத் தூக்காதேங்கோ! படுங்கோ!" ஷெல் கூவிக்கொண்டு வரும். கூவல் நம் தலைக்கு மேலே போனால் வேறு யாருக்கோ. மேலே போகாவிட்டால் நமக்கு. அதன் பிறகு கடல். படகு. மண்டபம் முகாம். அங்கிருந்து தருமபுரி மாவட்டத்தில் அணை ஒன்றை ஒட்டிய அகதிகள் முகாம். அன்று வந்தவள் இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ரவியும் முகாம்காரர். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். நான் சுவருக்குப் பட்டி பார்ப்பேன். அவர் அடிப்பார்.

இந்த நாய் எங்களிடம் வந்ததும் பெயின்ட் வேலையால்தான். இண்டூர் தாண்டி ஒரு பண்ணை பங்களா. பெங்களூரில் தொழில் செய்யும் ஒருவருடையது. விடுமுறைக்கு மட்டும் வருவார்கள். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் இது கட்டிக் கிடந்தது. கிரேட் டேன் இனம். வெள்ளையில் கறுப்புத் திட்டு. விலா எலும்புகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். நான் ஏணியைத் தரையில் வைத்தேன். அந்தச் சத்தத்துக்கே மூத்திரம் விட்டது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு கிடந்தது. எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதி கிழிந்த காதைப் பார்த்தேன். புரிந்தது.

வேலை முடிந்த நாள் உரிமையாளர் வந்தார். நாய் குலைப்பதில்லையாம். பட்டாசுக்குப் பயப்படுகிறதாம். வந்தவர்கள் சிரிக்கிறார்களாம். வேண்டுமானால் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் தொப்பூர் மலையில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன் என்றார். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெரிய நாய் என்றால் பெரிய தைரியம் இருக்கும் என்று இவருக்கு யார் சொன்னது? குட்டியாய் வாங்கும்போது அழகு. வளர்ந்ததும் அவமானம். கூலி வர வேண்டியிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். சங்கிலியை அவிழ்த்தேன்.

பெயர் புரூனோ என்று காவலாளி சொன்னார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான். வா என்றால் வராது. உட்கார் என்றால் விழிக்கும். அறிவு கெட்டுப் போயிற்று என்றே நினைத்தோம்.

முகாமில் எங்கள் வீடு ஒற்றை அறை. தகரக் கூரை. அதில் நாங்கள் இருவர், என் அம்மா. நாய் நீட்டிப் படுத்தால் கதவைச் சாத்த முடியாது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகாம் தலைவர் நல்லவர். ஆனாலும் லைன் வீடுகள், குழந்தைகள் நடமாடும் இடம், சீக்கிரம் வேறு வழி பாருங்கள் என்றார். தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

நாயை முதலில் கேட்டவர் பாப்பாரப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். நாயின் பயத்தை மறைக்காமல் சொன்னோம். பழகிக்கும் என்றார். திருவிழா அன்று போன் செய்தார். சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். அந்த ஓட்டத்தைத்தான் முதலில் சொன்னேன். சேற்றோடு வெளியே வந்த நாயைப் பார்த்து அவர் ஒன்றுதான் சொன்னார்.

"இம்மாம் பெரிய ஒடம்ப வச்சிக்கிட்டு இப்பிடி பயந்தா, இத வச்சி நான் என்னாங்க பண்றது?"

நாயை முகாமுக்கே திரும்பக் கொண்டுபோனோம். ஏறிய ஆட்டோவில் நாய் என் மடியில் தலையை வைத்தது. வழி முழுக்க எச்சில். வழி முழுக்க நடுக்கம்.

நாயைப் பற்றிக் கேள்விப்பட்டு, பொம்மிடியிலிருந்து சில இளைஞர்கள் முகாமுக்கு வந்தார்கள். பைக்கில். ஒருவன் நாய் வளர்த்து விற்பவன். நாயின் காலைப் பார்த்தான். பல்லைப் பார்த்தான். இதன் வாரிசுக்கு நல்ல விலை என்றான். பயம் எந்த அளவு என்று பார்த்துவிடலாம் என்று சிரித்தான். நான் உள்ளே தண்ணீர் எடுக்கப் போனேன்.

டமார்.

லட்சுமி வெடி. நாயின் காலடியில். தகரக் கூரை அதிர்ந்தது. சந்தில் துணி காயப்போட்ட பெண்கள் இருவர் தரையோடு தரையாய் விழுந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் உடம்பு தானாகவே விழுகிறது. நான் குடத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அம்மா கட்டிலுக்கு அடியில். பிடரியில் கை கோத்து, முகம் மண்ணில். நாய் சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அதே கட்டிலுக்கு அடியில் புகுந்தது. கட்டில் முதுகோடு தூக்கிக்கொண்டது.

வெளியே சிரிப்பு. ஒருவன் கையில் போன். படம் பிடிக்கிறான். தரையில் கிடக்கும் பெண்களையும் சேர்த்துத்தான்.

அந்த போனைப் பிடுங்கினேன். சாக்கடையில் எறிந்தேன். அவர்கள் கையில் மிச்சமிருந்த வெடிக்கட்டையும் பிடுங்கினேன். "போங்கடா" என்று நான் கத்தியது அணைக்கட்டு வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். முகாமே வெளியே வந்துவிட்டது. அவர்கள் போனார்கள். போலீசுக்குப் போவோம் என்று மிரட்டிக்கொண்டே போனார்கள். எங்களைப் போலீசால் மிரட்டுவது சுலபம். அது எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே வந்து குனிந்தேன். அம்மா இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தார். இரண்டு கையாலும் நாயின் காதுகளைப் பொத்தியிருந்தார். அதுவரை அதைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்.

"இதை எவன்ர கையிலயும் சும்மா குடுத்திடாத பிள்ளை," என்றார். "சத்தமில்லாத இடமாப் பாரு."

சத்தமில்லாத இடம். எங்கே இருக்கிறது? கல்யாணத்துக்கு வெடி. சாவுக்கு வெடி. தலைவர் வந்தால் வெடி. தோற்றவன் தெருவில் ஜெயித்தவன் வெடி. வெடிப்பவனுக்குக் காது இருக்கிறது. கேட்பவனுக்கும் இருக்கிறது என்பது அவனுக்குத் தோன்றுவதே இல்லை.

அடுத்த வாரம் பென்னாகரம் பக்கம் ஒரு வேலை. பட்டுப்புழுக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நாயைத் தனியே விட முடியாது. குட்டியானை வண்டியில் வாளிகளோடு ஏற்றிப் போனோம். சுற்றிலும் மல்பெரித் தோட்டம். வீட்டுக்காரர் கெம்பம்மா. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ் பேசும் குடும்பம். கணவர் லாரி ஓட்டுகிறார். வீடு தங்குவது குறைவு.

நாய் வண்டியை விட்டு இறங்க மறுத்தது. நான் கெஞ்சினேன். ரவி இழுத்தார். கெம்பம்மா தழைக் கூடையோடு அந்த வழியாகப் போனார். போகிற போக்கில், தன் மாட்டிடம் பேசுவது போலக் கன்னடத்தில் சொன்னார்.

"இல்லி பா." இங்கே வா.

நாய் எழுந்தது. இறங்கியது. அவர் முன்னால் போய் நின்றது.

அவர் கூடையை இறக்கி வைத்தார். "கூத்கோ" என்றார். நாய் உட்கார்ந்தது. வாலை அசைத்தது. அது வாலை அசைத்து நான் பார்த்தது அப்போதுதான்.

பெங்களூரில் யாரோ ஒரு வேலைக்காரர் கன்னடத்தில் பேசி வளர்த்திருக்க வேண்டும். பிறகு இங்கே கொண்டுவந்து கட்டினார்கள். தெரியாத மொழியில் ஏவினார்கள். கேட்கவில்லை என்று அடித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது.

கெம்பம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது, குழாய்த் துண்டு, வெடி, குலைக்காதது. கடைசியில் கேட்டேன். தீபாவளிக்கு இங்கே எப்படி?

"இங்க யாரும் வெடிக்க மாட்டாங்கம்மா. பொகை பட்டா புழு செத்துப்பூடும். சுத்துப்பட்டு வூடு அத்தனையிலும் புழுதான்." நாயின் விலாவைத் தடவினார். "கொலைக்கலன்னா போவுது. களி திங்குமா?"

தின்னும் என்றேன்.

புழு இருக்கும் இடத்துக்குள் விட மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். அது அவர் பிழைப்பு. பின்னால் பழைய மண்சுவர் அறை ஒன்று இருந்தது. தடித்த சுவர். குளிர்ச்சி. அதைக் காட்டினார். நாய் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி மூலையில் படுத்தது. நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சுண்ணாம்பு வேலை முடியும் வரை பார்த்தேன். அவர் குரல் உயர்ந்ததா, கை ஓங்கியதா என்று பார்த்தேன். இல்லை.

நாயை அவரிடமே விட்டு வந்து, தீபாவளி அன்று பார்க்கப் போனேன். தூரத்தில் பென்னாகரம் வெடித்துக்கொண்டிருந்தது. இங்கே வரும்போது அது வெறும் முனகல். நாய் எழுந்து நின்றது. கெம்பம்மா மண் அறை வாசலில் உட்கார்ந்து தழை நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே "ஹெதர்பேடா" என்றார். பயப்படாதே. நாய் அவர் முதுகில் சாய்ந்து படுத்தது. நடுக்கம் இருந்தது. ஓட்டம் இல்லை.

இது நடந்தது. மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். போனவற்றைக் கணக்குச் சொல்கிறேன்.

நாய் இழந்தது. இடது காதில் பாதி. முன்பல் இரண்டு. வால் நுனி. குலைக்கும் குரல். தன்னைக் கன்னடத்தில் கூப்பிட்டு வளர்த்த ஒருவர். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் இழந்தது. அப்பா. நாலு வயதுத் தம்பி. அம்மாவின் தங்கைகள் இருவர். கிணறும் பனைகளும் இருந்த வீடு. இரண்டு பசுக்கள். படகில் இடமில்லை என்று கரையிலேயே விட்டுவந்த ஒரு நாய்.

வெடி வைத்தவர்கள் இழந்தது. ஒரு போன்.