மூடியைத் திறக்கக் கூடாத நேரம்

மாப்பிள்ளை, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோழிக்குஞ்சு என்றால் உயிர். உங்கள் மாமியார் அந்தக் குஞ்சு பொரிக்கும் பெட்டியை வாங்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தபோது, இனி என் தட்டை எங்கே வைப்பது என்றுகூட நான் கேட்கவில்லை.

முதல் முறை முட்டைகள் கெட்டதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான். "என்னங்க, இதக் கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று அவள் கூப்பிட்டாள். ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் என்னை யாரும் எதையும் பார்க்கச் சொன்னதில்லை. "காலத் தூக்குங்க, பெருக்கணும்" என்பதோடு சரி. அன்று ஜன்னலைச் சாத்தி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். கல்யாணமான புதிதில்கூட அவள் அவ்வளவு ஒட்டி உட்கார்ந்ததில்லை. உள்ளே ரத்தம் வளையமாக நின்றுபோனதைக் காட்டி, கரு செத்த விதத்தை விளக்கினேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

அடுத்த முறை சூட்டுத் திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டேன். கொஞ்சம்தான். பழி தெர்மாமீட்டர் மேல் போனது, அது கோபித்துக்கொள்ளாது. அதற்கடுத்த முறை தண்ணீர்த் தட்டைக் காயவிட்டுவிட்டு, ஈரப்பதத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்னதான் பண்ணுவேன்" என்றாள். எந்தப் புருஷனுக்குத்தான் மனசு குளிராது, சொல்லுங்கள்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், அவள் பெட்டியை விட்டுவிட்டுத் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். "எல்லாம் சரியாத்தானே பண்றேன். எனக்குத்தான் கைராசி இல்ல போலிருக்கு" என்றாள். மறுத்திருக்கலாம். அப்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று என் மகள் அழுதாள். குழந்தைக்குத் தலை நிற்கும்வரையாவது இருந்துவிட்டு வர வேண்டுமாம். தலை நிற்க எத்தனை மாதமாகும் என்று பக்கத்து வீட்டம்மாவிடம் விசாரித்தேன். விசாரித்திருக்க வேண்டாம்.

அவளோ பெட்டி முன்னால் உட்கார்ந்து தீர்ப்பே சொல்லிவிட்டாள். "இந்தத் தடவ ஒரே ஒரு குஞ்சு வெளிய வந்தாலும் கெளம்பிடுவேன். வரலேன்னா, இந்தக் கையால பச்சக் கொழந்தையத் தொடமாட்டேன்."

அந்த முறை நான் எதையும் தொடவில்லை, கடைசி நாள்வரை. அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தாள் அவள். ஓடுகளில் விரிசல் விழுந்தது. உள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் மட்டும் மூடியைத் திறக்கக் கூடாது. ஈரம் போனால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் உடம்போடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதனால் திரும்பக்கூட முடியாது. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உங்கள் குழந்தைக்கு மெத்தென்று துணி வாங்கக் கடைக்குப் போனாள். நான் மூடியைத் திறந்து, மின்விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் பேப்பர் படித்தேன். சத்தம் நிற்க நான் நினைத்ததைவிட நேரமானது. நல்லவேளை, கடையில் கூட்டமாம். அவள் திரும்புவதற்குள் மூடியை மூடிவிட்டேன்.

நீங்கள் நேரில் வந்து கூப்பிட்டும் அவள் அசையாததற்குக் காரணம் இதுதான். கேட்டீர்கள், சொன்னேன். அவளிடமும் சொல்லுங்கள் என்கிறீர்கள். நேற்றே சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை. அழுதுகொண்டே இருந்ததால் அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை, எனக்கோ பசி. திருகு, தட்டு, மூடி, மின்விசிறி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத் தேத்தறதுக்காகப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்களே. இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கெடைப்பாரு" என்றாள்.

மறுபடியும் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் மனசை நோகடிக்கிற ஆள் நான் இல்லை.