ரத வண்டியின் கிளட்ச்

மெனுவல் கார் ஓட்டத் தெரிந்த ஆட்கள் கிள்ளானில் குறைந்துகொண்டே வருகிறார்கள். என் பேரப்பிள்ளைகளுக்கு மூன்றாவது பெடல் எதற்கென்றே தெரியாது. அசந்தால் கால் வைத்து இளைப்பாற என்று நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் என் பழைய வெள்ளைக் காரை விற்க எட்டு மாதம் பிடித்தது.

கோவில் செயலாளர் சிவநேசன் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். காரை விற்றபோது கிளட்ச் நன்றாக இருந்ததா என்பதுதான் கேள்வி. விளம்பரத்தைக் கோவில் பலகையில் ஒட்டியிருந்தேனாம். கோவிலுக்குக் கெட்ட பெயராம். எழுபத்து மூன்று வயதில் எனக்குப் பொய் சொல்லி ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. எழுதுகிறேன்.

அந்தக் கார் பதினோரு வருடத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. திருவிழாவில் சாமி ரதத்து விளக்குகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு ரதத்தின் பின்னால் போவதுதான் அதன் வேலை. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், சுங்கை வே என்று வருடத்துக்கு இருபது திருவிழா. ரதம் வீட்டுக்கு வீடு நிற்கும், அர்ச்சனைத் தட்டு வாங்கும், நகரும், மறுபடி நிற்கும். நான்கு கிலோமீட்டர் போகப் பத்து மணி நேரம். ஒருமுறை ஒரு நத்தை எங்களை முந்திப் போனதை நான் பார்த்தேன். சிக்னல் போட்டுத்தான் போனது.

அப்படி ஊர்வதற்குக் கிளட்சைப் பாதி அழுத்திப் பாதி விட்டு, பிடித்தும் பிடிக்காமலும் வைத்திருக்க வேண்டும். உள்ளே கிளட்ச் தட்டு உரசி உரசித் தேயும். கிலோமீட்டர் காட்டும் மீட்டருக்கு அதெல்லாம் தெரியாது.

விளம்பரத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: 'சாமிக்குப் பின்னால் மட்டுமே போன கார். குறைந்த ஓட்டம்.' இரண்டுமே உண்மை.

காரை வாங்கத் தாமரை என்ற பெண் கேரி தீவிலிருந்து வந்தார். தோட்டத்தில் வேலை. கணவர் கமலநாதனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்குக் கிள்ளானில் டயாலிசிஸ். இதுவரை ஏற்றிப்போன பக்கத்து வீட்டு வேன் இடம் மாறிவிட்டதாம். வந்தவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. பானெட்டை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எத்தனை ரதத்துக்குப் பின்னால போயிருக்கும்ண்ணே! எங்க வீட்டுக்காரருக்கு இந்த வண்டிதான் சரி."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஓர் இரும்பைத் தடவிவிட்டு முகத்தையும் தடவுகிற பழக்கம், சுத்தமானதல்ல.

அவர் ஓட்டிப் பார்க்க வருவதற்கு முந்தைய நாள், மெக்கானிக் பரமேஸ்வரனிடம் சொல்லிக் கிளட்ச் கேபிளைத் தளர்த்தி வைத்திருந்தேன். அப்படிச் செய்தால் தேய்ந்துபோன தட்டுகூடக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

"ஒரு மாசம் தாங்குனா பெருசு லா அண்ணே," என்றான் அவன். "மேடு ஏறுனா செத்துரும்."

"அவங்க இருக்கிறது தீவு. தீவுல ஏதுடா மேடு?"

தீவுக்கு ஒரு பாலம் உண்டு என்பது எனக்குத் தெரியும். அவன் அதைக் கேட்கவில்லை.

காரை வாங்கிப்போன ஐந்தாவது வாரம், சனிக்கிழமை காலை தாமரை போன் செய்தார். எஞ்சின் கத்துகிறதாம், வண்டி நகரவில்லையாம், கருகின வாடை வருகிறதாம்.

"கிளட்ச் மேலயே கால வச்சிக்கிட்டு ஓட்டுறியாம்மா?" என்று கேட்டேன்.

"ஜாம்ல நிக்கும்போது சில நேரம் வைப்பேன்ண்ணே."

"அதான். பதினோரு வருசம் நான் ஓட்டுனேன், ஒண்ணும் ஆகல. அஞ்சே வாரத்துல தின்னுட்டியே."

"மன்னிச்சுக்குங்கண்ணே. சாமி வண்டியைக் கெடுத்துட்டேன்."

ஆறவிட்டு எடுக்கச் சொன்னேன். ஆறியதும் வீடு வரைதான் போனதாம். அன்றைய டயாலிசிஸ் தவறியது. மன்னிப்புக் கேட்கிறவர்களின் குரலில் ஒரு பிசுபிசுப்பு இருக்கிறது. போனை வைத்ததும் நான் காதைத் துடைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்கு மறுபடி அழைத்தார். வண்டி பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. போன் ஆப்பில் வாடகைக் கார் கிடைக்கவில்லை. கமலநாதனுக்கு மூச்சு வாங்குகிறது. நான் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரை மணி நேரத்தில் கிளட்ச் இல்லாத என் புது ஆட்டோ காரில் போய் நின்றேன்.

கமலநாதன் சாலையோரம் குந்தியிருந்தார். முகம் ஊறிய ரொட்டியைப்போல் உப்பியிருந்தது. கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பையில் ஓட்டை. கால்சட்டையும் சிறுநீரில் நனைந்திருந்ததாகத் தோன்றியது. அந்த வியாதிக்காரருக்குச் சிறுநீரே வராது என்று பிறகு சொன்னார்கள். அந்த நெடி அவர் மூச்சிலிருந்தே வந்ததாம்.

"அண்ணே," என்றார், "பின்கதவை மட்டும் திறங்கண்ணே. நான் கீழ குனிஞ்சே உக்காந்துக்கிறேன். ஒண்ணும் படாது."

தாமரை தன் துப்பட்டாவை எடுத்து என் பின்சீட்டில் விரிக்க வந்தார். சீட்டுக்குக் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. நான் கதவுப் பூட்டை அழுத்தினேன்.

"ஆளை அசைக்கக்கூடாதுமா, மூச்சு வாங்குது பாரு. நான் போய் மெக்கானிக்கக் கூட்டிட்டு வரேன். பத்து நிமிசம்."

"கிள்ளான் பக்கந்தான அண்ணே, இறக்கி விட்டுட்டாப் போதுமே."

"உன் வண்டியைப் பாலத்துல விட்டுட்டுப் போனா லோரி இடிச்சிடும். சாமி வண்டி," என்றேன்.

அந்த வார்த்தை அவரை நிறுத்திவிடும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தியது.

அங்கிருந்து டயாலிசிஸ் நிலையத்துக்கு முப்பது நிமிடம். காலை உணவுக் கடைக்குப் பத்து நிமிடம். நான் இரண்டாவதுக்குப் போனேன். கையை மூன்று முறை கழுவினேன், எதையும் தொடவில்லை என்றாலும். இரண்டு ரொட்டி சானாய் தின்று, ஒரு தே தாரேக் குடித்தேன். பரமேஸ்வரன் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவனோடு திரும்பி வந்தபோது பாலத்தில் வெள்ளைக் கார் மட்டும் நின்றது. ஆம்புலன்சை யாரோ லோரிக்காரர் கூப்பிட்டிருந்தார். ஐந்து நாள் ரத்தம் சுத்தமாகாததால் இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

இழவு வீட்டுக்கும் போனேன். தாமரை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் காலுதாண்ணே அவரக் கொன்னுடுச்சி," என்றார். பக்கத்தில் நான்கு பெண்கள் இருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவரோடு தர்க்கம் செய்வது மரியாதை இல்லை.

ஆகவே செயலாளருக்கு என் பதில்: கிளட்ச் நன்றாக இல்லை. எனக்குத் தெரிந்தே விற்றேன். தாமரையின் காலில் குற்றம் இல்லை. கமலநாதனைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க முடியும். நான் கதவைத் திறக்கவில்லை. இதைத் தாமரையிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நிர்வாகமே முடிவு செய்யட்டும். அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். அன்று முதல் என் புதுக் காரில் ஒரு நாற்றம். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டேன், நான்கு தடவை கழுவக் கொடுத்தேன். கழுவுகிறவன் மூக்கை உள்ளே விட்டுப் பார்த்து, "ஒண்ணும் இல்ல அங்கிள்," என்கிறான். கமலநாதன் அந்தக் காரில் ஏறவில்லை. அதைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் நாற்றம் அவருடையதுதான்.